பேபென்ஹவுசன்: துறவிகள் போன மடமும் அதற்குள் வளர்ந்த ஊரும்

கேள்வி: "ஜெர்மனியின் ட்யூபிங்கனில் முதுகலை சேரப் போகிறேன். பக்கத்தில் என்ன பார்க்கலாம் என்று தேடியபோது பேபென்ஹவுசன் என்ற மடாலயக் கிராமம் கண்ணில் பட்டது. முந்நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊரில் அப்படி என்ன இருக்கிறது? இன்னும் துறவிகள் இருக்கிறார்களா? ஊர்க்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?"

துறவிகள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் வெள்ளை அங்கி போட்ட ஒருவராவது தென்படுவார் என்று நினைத்துப் போகிறார்கள். கத்தோலிக்கத் துறவிகள் அங்கிருந்து கடைசியாகக் கிளம்பியது 1648-இல். ஆனால் அவர்கள் கட்டியது ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. ஜெர்மனியில் துறவிகள் போன பிறகு பல மடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இன்று புல்வெளி நடுவே ஒற்றைச் சுவராக நிற்கும் மடங்கள் உண்டு. பேபென்ஹவுசனுக்கு அந்தக் கதி வரவில்லை. பள்ளிக்கூடமாக, வேட்டை மாளிகையாக, முடி இழந்த அரசரின் வீடாக, ஒரு மாநிலத்தின் சட்டமன்றமாக, யாருக்காவது அந்தக் கட்டடம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. அதோடு அந்த மதிலுக்குள்ளேயே ஒரு ஊரும் குடியேறியது. நான் ட்யூபிங்கனில் இருந்த வருடங்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே நடந்து போயிருப்பேன் என்று கணக்கில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இடத்தை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ட்யூபிங்கனுக்கு வடக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர். பேருந்து ஏறினால் கால் மணி நேரம். ஊர் தாண்டியதும் சாலை ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது, இரண்டு பக்கமும் காடு நெருங்கி வருகிறது. அந்தக் காட்டின் பெயர் ஷோன்புக். ஸேபாக், கோல்டர்ஸ்பாக் என்ற இரண்டு ஓடைகள் சேரும் இடத்தருகே, ஒரு மேட்டின் சரிவில் மடமும் அதைச் சுற்றி மதில்களும். மடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்த ஊரின் கதை பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி காட்டில் இருக்கிறது. அந்தக் காட்டில் யாருக்கு உரிமை இருந்ததோ அவர்கள்தான் ஒவ்வொரு காலத்திலும் இந்த ஊரின் தலையெழுத்தை எழுதினார்கள்.

1183 வாக்கில் ட்யூபிங்கனை ஆண்ட முதலாம் ருடால்ஃப் என்ற பிரபு இங்கே மடத்தை நிறுவினார். முதலில் வந்தவர்கள் பிரிமான்ஸ்ட்ரடென்சியன் சபைக்காரர்கள். அவர்கள் சில வருடங்களிலேயே போய்விட்டார்கள். 1190-இல் ஹைடல்பெர்க் அருகே இருந்த ஷோனாவ் மடத்திலிருந்து சிஸ்டர்சியன் துறவிகள் வந்து சேர்ந்தார்கள். ஊரின் பெயர் அவர்களுக்கும் முந்தையது. பேபோ என்ற யாரோ ஒருவரின் குடியிருப்பு என்பதுதான் பொருள். ருடால்ஃபும் அவர் குடும்பத்தினரும் மடத்தின் சபைக் கூடத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கால் வைக்கும் இடத்தில் கல்லறைப் பலகைகள் இருக்கும், பார்த்து நடங்கள்.

சிஸ்டர்சியன்கள் ஏன் இப்படிப்பட்ட இடத்தைத் தேடினார்கள் என்று தெரிந்துகொண்டால் கட்டடம் தானாகப் புரிந்துவிடும். பழைய பெனடிக்டின் மடங்கள் செல்வத்தில் ஊறிப்போய்விட்டன என்று வருந்தியவர்கள் 1098-இல் பிரான்சின் சிட்டோ என்ற இடத்தில் தொடங்கிய சபை இது. ஊருக்கு வெளியே, தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கில், கையால் உழைத்து வாழ வேண்டும். நான்கு கால் பிராணிகளின் இறைச்சி கூடாது. அதனால் ஓடையை மறித்து மீன் குளம் வெட்டினார்கள். கோயிலுக்குப் பெரிய கல் கோபுரம் கூடாது, கூரை மேல் ஒரு சிறு மணிக்கூண்டு போதும். வண்ணக் கண்ணாடி, சிற்பம் எல்லாவற்றிலும் அடக்கம் வேண்டும். 1228-இல் அர்ச்சிக்கப்பட்ட கோயில் இந்த விதிக்கு அடங்கியே தொடங்கியது, தடித்த சுவர்களோடு, அலங்காரமில்லாமல்.

அப்புறம் செல்வம் சேர்ந்தது. துறவிகள் பாடுவதும் ஜெபிப்பதும் வேலையாக இருக்க, வயலையும் மந்தையையும் பார்த்துக்கொள்ள உழைப்புச் சகோதரர்கள் என்று தனி வகுப்பு இருந்தது. அவர்களும் விரதம் எடுத்தவர்கள்தான், ஆனால் அவர்களுக்குத் தனி உணவுக் கூடம், கோயிலில் தனி இடம். மடத்துக்கு நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் காட்டில் மரம் வெட்டவும் கால்நடை மேய்க்கவும் உரிமைகளும் வந்துகொண்டே இருந்தன. விளைந்ததை வைக்கவும் விற்கவும் ட்யூபிங்கன், ஸ்டுட்கார்ட், எஸ்லிங்கன் போன்ற நகரங்களில் பண்டகசாலை வீடுகள் கட்டினார்கள். ப்ளேக்ஹோஃப் என்று பெயர். ட்யூபிங்கனின் பழைய நகரில் செங்குத்தான பெரிய கூரையோடு ஒரு கல் கட்டடம் நிற்கும், அது பேபென்ஹவுசன் மடத்துடையது. எஸ்லிங்கனில் இருப்பது இன்று நகர நூலகமாக இருக்கிறது. காட்டுக்குள் உட்கார்ந்திருந்த மடம், நகரச் சந்தைகளில் தானியமும் திராட்சை மதுவும் விற்றது. மடத்தை நிறுவிய பிரபுவின் வம்சமோ கடனில் மூழ்கி 1342-இல் ட்யூபிங்கனையே, ஸ்டுட்கார்ட் பக்கத்தை ஆண்ட வூர்ட்டம்பெர்க் பிரபுக்களிடம் விற்றுவிட்டது. தானம் கொடுத்த குடும்பம் நொடித்தது, தானம் வாங்கிய மடம் வூர்ட்டம்பெர்க்கின் மிகப் பணக்கார மடங்களில் ஒன்றாக வளர்ந்தது.

அந்தப் பணம் எங்கே போனது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். 1335-இல் கட்டிய கோடைக்கால உணவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் தலை நிமிர்ந்துவிடும். மெல்லிய தூண்கள், அவற்றின் உச்சியிலிருந்து விசிறி விரிவதுபோல் பிரியும் கல் விட்டங்கள், மேலே கொடிகளும் விலங்குகளுமாக வரைந்த ஓவியம். காய்ந்த ரொட்டியும் மீனும் சாப்பிட்டபடி வேத வாசிப்பைக் கேட்பதற்கான அறை அது. கூடத்திலிருந்து வெளியே வந்தால் நான்கு பக்கமும் சுற்றி வரும் நடைபாதை, நடுவே தோட்டம். பிராகாரம் என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். இப்போது நாம் பார்க்கும் வடிவம் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிடைத்தது. கிணற்று மண்டபம் பிராகாரத்தை ஒட்டியே இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் அங்கே கை கழுவ வேண்டும்.

கோயில் கூரை மேல் நிற்கும் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர மனசில்லை. 1407 முதல் 1409 வரை, ஸாலம் மடத்திலிருந்து வந்த கேயார்க் என்ற சகோதரர் கட்டியது. (இந்த ஸாலம் கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம் இருக்கும் மடம், நம் சேலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கல் கோபுரம் கூடாது என்பது விதி, கூரை மேல் மணிக்கூண்டு வைக்கலாம் என்பது அனுமதி. கேயார்க் கூரை மேல் மணிக்கூண்டுதான் வைத்தார், ஆனால் அதைக் கல்லில் செதுக்கினார். தந்தத்தில் குடைந்ததுபோல் ஊடே வானம் தெரியும் அளவுக்கு அத்தனை இழை இழையான வேலை. விதியை மீறினாரா, விதிக்குள் நின்றாரா என்று கேட்டால், நின்றுகொண்டே அதன் எல்லையைத் தொட்டுப் பார்த்தார் என்றுதான் சொல்வேன். பள்ளத்தாக்கில் எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தாலும் காடு விலகும் இடத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

1534-இல் வூர்ட்டம்பெர்க் கோமகன் உல்ரிக் தன் நாட்டை, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதர் பக்கம் திருப்பினார். அடுத்த ஆண்டே மடம் கலைக்கப்பட்டது. புதிய மார்க்கத்தை ஏற்றவர்கள் தங்கினார்கள், ஏற்காதவர்களில் பலர் ஸாலத்துக்குப் போனார்கள். உல்ரிக் கோயிலின் மேற்குப் பகுதியை இடித்தார். கல் ட்யூபிங்கன் கோட்டை வேலைக்குப் போனது. கோயிலுக்குள் நிற்கும்போது, இவ்வளவு உயரத்துக்கு நீளம் போதவில்லையே என்று ஒரு உறுத்தல் வரும். அந்தக் குறை அப்போது வந்ததுதான். துறவிகள் இரண்டு தடவை திரும்பி வந்தார்கள். 1548-க்குப் பிறகு பேரரசர் ஐந்தாம் கார்லின் கட்டாயத்தால் சில வருடங்கள். அப்புறம் முப்பதாண்டுப் போரில், 1634 நோர்ட்லிங்கன் சண்டையில் கத்தோலிக்கர் பக்கம் வென்ற பிறகு மறுபடியும். 1648 வெஸ்ட்பாலியா உடன்படிக்கையோடு அதுவும் முடிந்தது.

இடையில் 1556-இல் கோமகன் கிறிஸ்டோஃப் செய்த ஏற்பாடுதான் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. மடங்களை விற்றுக் காசாக்காமல் அவற்றைப் பள்ளிகளாக்கினார். மடத்து நில வருமானத்தில் பையன்களுக்குச் சாப்பாடு, தங்கல், லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் இலவசம். ஒரே நிபந்தனை, படித்து முடித்து லூதரன் போதகராக வேண்டும். கடுமையான தேர்வு எழுதி சிறிய மடப் பள்ளிகளில் சேர்ந்து, பிறகு பேபென்ஹவுசன் அல்லது மௌல்ப்ரோன் போன்ற மேல்நிலை மடப் பள்ளிக்கு வந்து, அங்கிருந்து ட்யூபிங்கன் ஸ்டிஃப்ட் என்ற விடுதிக் கல்லூரிக்குப் போவார்கள். ஏழைப் போதகர் வீட்டுப் பையனும் கைவினைஞர் மகனும் மேலே வர அந்த நாட்டில் இருந்த முக்கியமான ஏணி இது. பள்ளித் தலைவருக்கு மடாதிபதி என்ற பட்டமும் தொடர்ந்தது. ஆனால் இந்த மடாதிபதிக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, நாட்டுச் சபையில் உட்கார இடமும் உண்டு.

அந்தப் பள்ளியில் 1777-இல் ஆசிரியராக வந்த ஒருவர், கீழைத்தேய மொழிகள் அறிந்தவர், கூடவே இரண்டு வயது மகனையும் அழைத்து வந்தார். அந்தக் குழந்தைதான் பிற்காலத் தத்துவவாதி ஃப்ரீட்ரிக் ஷெல்லிங். தன்னைவிடப் பெரிய பையன்களோடு உட்கார்ந்து படித்தவர், 15 வயதிலேயே ட்யூபிங்கன் ஸ்டிஃப்ட்டில் சேர்ந்தார். அங்கே அவரோடு இருந்தவர்கள் தத்துவவாதி ஹெகலும் கவிஞர் ஹோல்டர்லினும். ஜெர்மன் தத்துவம் படிக்கும் நண்பர்களிடம் நான் எப்போதும் சொல்வது, இயற்கையைப் பற்றி ஷெல்லிங் எழுதியதைப் படிக்கும் முன் இந்தக் காட்டில் ஒரு நாள் நடந்துவிட்டு வாருங்கள் என்று. நிரூபணம் ஒன்றும் இல்லை, ஆனால் அவர் வளர்ந்த சன்னலுக்கு வெளியே இருந்தது இந்த மரங்கள்தான்.

1807-இல் பள்ளி மூடப்பட்டு மௌல்ப்ரோனோடு இணைக்கப்பட்டது. இந்த இடத்தில் நமக்கும் ஒரு நூல் இழை உண்டு. இணைந்த அந்தப் பள்ளியில் பிற்பாடு படித்து, ட்யூபிங்கனில் முனைவர் பட்டம் பெற்று, 1836-இல் சென்னையில் வந்து இறங்கியவர் ஹெர்மன் குண்டர்ட். முதலில் திருநெல்வேலிப் பக்கம் இருந்து தமிழ் கற்றார், பிறகு தலச்சேரி போய் மலையாளத்துக்கு இலக்கணமும் அகராதியும் தந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் இன்று ட்யூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நீங்கள் அங்கேதான் படிக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

சரி, பேபென்ஹவுசனுக்கு வருவோம். நெப்போலியன் தயவில் 1806-இல் வூர்ட்டம்பெர்க் ராஜ்யமானது, முதலாம் ஃப்ரீட்ரிக் அரசரானார். அவருக்கு வேட்டை வெறி. பையன்கள் எபிரேயம் படித்த இடம் அவருடைய வேட்டைத் தங்குமிடமானது. 1812 நவம்பர் 9 அன்று, தன் பிறந்தநாளை ஒட்டி, மடத்துக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்கில் டயானா விழா என்று ஒன்று நடத்தினார். வேட்டைத் தேவதையின் பெயரில் மண்டபங்கள் எழுப்பி, காட்டு விலங்குகளை முன்கூட்டியே விரட்டிச் சேர்த்து அடைத்து வைத்து, விருந்தினர் முன்னால் திறந்துவிட்டுச் சுட்டார்கள். ஒரே நாளில் 800-க்கும் மேல் மான்கள், காட்டுப் பன்றிகள், மற்ற விலங்குகள். அப்படி விரட்டிச் சேர்க்கும் வேலை சுற்று வட்டாரக் குடியானவர்களின் தலையில்தான் விழும். அதே நவம்பரில் நெப்போலியனோடு ரஷ்யா போன சுமார் 15,000 வூர்ட்டம்பெர்க் வீரர்கள் பனியில் செத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தது சில நூறு பேர். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த நாளிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கைக் கடக்கும்போது எனக்கு மனசு ஒரு நிமிடம் கனத்துவிடுகிறது.

இப்போது ஊர்க்காரர்கள். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை.

மடக் காலத்தில் இங்கே ஊர் என்று தனியாக ஒன்று இல்லை. மதிலுக்குள் இருந்தது மடமும் அதன் பட்டறைகளும், களஞ்சியமும், விருந்தினர் இல்லமும், வேலையாட்களும்தான். பள்ளியும் மடத்து நில நிர்வாகமும் போன பிறகு கட்டடங்கள் காலியாகின. அவற்றில் காட்டு வேலைக்காரர்கள், வனக் காவலர்கள், கைவினைஞர்கள் குடியேறினார்கள். 1823-இல் பேபென்ஹவுசன் தனி ஊராட்சியானது. இன்று தெருவில் நடக்கும்போது, இந்த வீடு ஏன் இவ்வளவு அகலம், அந்த வீட்டுச் சுவர் ஏன் கோட்டை மாதிரி இருக்கிறது என்று தோன்றும். பழைய மடத்தின் சுவரே பல இடங்களில் வீட்டுச் சுவர். உள் மதிலின் வாசலில் எழுத்தர் கோபுரம் என்று பெயர் கொண்ட கோபுரம் நிற்கிறது. மடத்துக் கணக்கும் நிர்வாகமும் நடந்த நினைவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதில் ஓரத்துச் சரிவுகளில் காய்கறித் தோட்டம், ரோஜா, திராட்சைக் கொடி, அடுக்கி வைத்த விறகு.

பள்ளத்தாக்கு குறுகலானது, உழ நிலம் அதிகமில்லை. அதனால் பிழைப்பு காட்டில்தான். மரம் வெட்டுவது, இழுத்து வருவது, மணற்கல் உடைப்பது, அரசர் வந்தால் வேட்டைக்கு உதவுவது. ஷோன்புக்கைச் சுற்றியிருந்த டஜன் கணக்கான ஊர்களுக்கு நூற்றாண்டுகளாக அந்தக் காட்டில் உரிமைகள் இருந்தன. விறகு எடுக்கலாம், ஓக் மரக் கொட்டைகளைத் தின்ன பன்றிகளை ஓட்டிப் போகலாம், மாடு மேய்க்கலாம், தொழுவத்தில் பரப்ப உதிர்ந்த இலைகளை வாரி எடுக்கலாம். இலையை வாரினால் மண் மெலியும், மாடு மேய்ந்தால் கன்று முளைக்காது. 1800 வாக்கில் காட்டின் பல பகுதிகள் அங்கங்கே வயதான ஓக் மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலமாகச் சுருங்கியிருந்தன. 1820-களில் அரசு இந்த உரிமைகளைத் தீர்த்து, ஈடாக ஊர்களுக்குக் காட்டில் துண்டு துண்டாகப் பங்கு கொடுத்து, மீதியில் மரம் நட்டது. காடு மீண்டது. ஆனால் மாடும் பன்றியும் ஓட்டிப் பழகிய ஏழைக்கு அது இழப்பும்தான். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக் கூடாது. நடக்கும்போது பாதை ஓரத்தில் கிளை பரப்பிய மிகப் பெரிய ஓக் ஒன்றைக் கண்டால், அது பெரும்பாலும் அந்த மேய்ச்சல் காலத்தின் மிச்சம். நெருங்கிய காட்டில் வளரும் மரம் அப்படி அகலமாகப் பரவாது.

1860-களின் பிற்பகுதியிலிருந்து அரசர் கார்ல் இந்த மடத்தைப் பழுது பார்த்தார். மரபு அறிந்து செய்த வேலை அது. கோடைக்கால உணவுக் கூடத்தின் ஓவியங்கள் துலங்கின, விருந்தினர் இல்லப் பகுதி வேட்டை மாளிகையானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1863-இல், கவிஞர் எடுவார்ட் மோரிகே இங்கே சில வாரம் தங்கி, மடத்தையும் சுற்றுப்புறத்தையும் பற்றிச் சிறு சிறு கவிதைகளாக எழுதினார். ட்யூபிங்கனில் உங்களுக்கு ஜெர்மன் கொஞ்சம் கைவந்ததும் அவற்றைத் தேடிப் படிக்கலாம். வரிகள் சின்னவை, அகராதியோடு சமாளித்துவிடலாம்.

கார்லுக்குப் பின் வந்தவர் இரண்டாம் வில்ஹெல்ம், ஜெர்மன் பேரரசர் அல்ல, அதே பெயர் கொண்ட வூர்ட்டம்பெர்க்கின் கடைசி அரசர். ஸ்டுட்கார்ட் தெருவில் தன் இரண்டு நாய்களோடு காவலில்லாமல் நடந்துபோகும் மனிதர். மக்கள் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள், அவரும் சொல்வார். 1918 நவம்பர் 9 அன்று புரட்சிக் கூட்டம் அவர் மாளிகைக்குள் நுழைந்து கொடியை இறக்கிச் செங்கொடி ஏற்றியது. அன்று மாலையே ஸ்டுட்கார்ட்டை விட்டு பேபென்ஹவுசனுக்கு வந்துவிட்டார். நவம்பர் 30-இல் முடி துறந்தார். தன் ஊர் தன்னைக் காக்க முன்வரவில்லை என்ற வருத்தம் அவருக்குத் தீரவே இல்லை. மறுபடி ஸ்டுட்கார்ட்டில் காலடி வைக்கவில்லை. 1921 அக்டோபர் 2-இல் இங்கேயே இறந்தார். லுட்விக்ஸ்பர்கில் அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது, அவர் விருப்பப்படி, சவ ஊர்வலம் ஸ்டுட்கார்ட்டைத் தொடாமல் சுற்றிப் போனது.

ராணி ஷார்லோட் அதன் பிறகும் 25 வருடம் வாழ்ந்தார், பெரும்பாலும் இங்கேதான். வேட்டை, விளையாட்டு எல்லாம் அவருக்குப் பிடிக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் மாளிகையில் அமைத்த புதிய சமையலறையும் குளியலறைகளும் அப்படியே இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். ஆனால் அந்தச் சமையலறைக்காகவே போகலாம். அடுப்பு, செப்புப் பாத்திர வரிசை, கை கழுவும் தொட்டி எல்லாம் நேற்று வரை ஆள் புழங்கியதுபோல் இருக்கும். குடியரசு வந்தது, ஹிட்லர் வந்தார், இரண்டாம் போர் வந்தது, அத்தனையும் அவர் இந்த மதிலுக்குள் இருந்தே பார்த்தார். 1946 ஜூலை 16-இல் இறந்தார். ஜெர்மன் நாடுகளின் ராணியாக இருந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்.

அடுத்து நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன். ராணி இறந்து நான்கு மாதம் முடிந்த சமயத்தில், 1946 நவம்பர் 22 அன்று, அதே மடத்தில் மக்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். போருக்குப் பின் வூர்ட்டம்பெர்க்கை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட், உல்ம் வழியாகப் போகும் நெடுஞ்சாலை அமெரிக்கர்களுக்குத் தேவை. அதனால் அந்தச் சாலை ஓடும் மாவட்டங்கள் அமெரிக்கப் பகுதி, அதற்குத் தெற்கே பிரெஞ்சுப் பகுதி. தெற்குப் பாதிக்கு வூர்ட்டம்பெர்க்-ஹோஹென்ஸோல்லர்ன் என்று பெயர், ட்யூபிங்கன் தலைநகர். சட்டமன்றம் கூட மடத்தின் பழைய உணவுக் கூடம் கிடைத்தது. மேலே, துறவிகளின் படுக்கைக் கூடத்தை 16-ஆம் நூற்றாண்டில் தடுத்து உண்டாக்கிய சிறு அறைகளில் உறுப்பினர்கள் தங்கினார்கள். உணவுப் பங்கீட்டு அட்டைக் காலம் அது. விறகுக்கும் தட்டுப்பாடு. பகலில் அரசியலமைப்பு விவாதம், இரவில் துறவியின் அறையில் தூக்கம். 1947 மே 18-இல் மக்கள் வாக்கெடுப்பில் அரசியலமைப்பு நிறைவேறியது, 60 உறுப்பினர் சட்டமன்றமும் அன்றே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ட்யூபிங்கனில் சட்டம் கற்பித்த கார்லோ ஷ்மிட்தான் போருக்குப் பின் இந்த மாநில நிர்வாகத்தின் முதல் தலைவர். மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை வடித்த குழுவில் முக்கியப் பங்கு வகித்தவரும் அவரே. அந்தச் சட்டத்தை 1949 மே மாதம் மாநிலச் சட்டமன்றங்கள் ஒவ்வொன்றாக ஏற்றன, பவேரியா மட்டும் மறுத்தது. பேபென்ஹவுசனில் கூடிய சபை ஏற்றது. இன்று ஜெர்மனியில் நம் விசா முதல் கருத்துரிமை வரை நிற்கும் அடித்தளச் சட்டத்துக்கு ஒரு சம்மதம் இந்தக் காட்டு மடத்திலிருந்து போயிருக்கிறது. 1952-இல் பாடன்-வூர்ட்டம்பெர்க் என்ற ஒரே மாநிலமாக எல்லாம் இணைந்தபோது சட்டமன்றம் கலைந்தது. அதைப் பற்றிய சிறு கண்காட்சி மடத்தில் இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நீங்கள் நில்லுங்கள்.

1974-இல் பேபென்ஹவுசன் ட்யூபிங்கன் நகரோடு இணைந்தது. அடுத்த வருடமே முழு ஊரையும் மரபுச் சின்னமாகப் பாதுகாத்தார்கள். அதன் பொருள், ஓடு மாற்றுவதற்கும் சன்னல் நிறத்துக்கும்கூட அனுமதி வேண்டும். மக்கள்தொகை சுமார் 350. கோயில் இன்று ஊரின் லூதரன் ஆலயம், அங்கே ஞாயிறு வழிபாடும் உண்டு, கச்சேரிகளும் உண்டு. இரண்டு பழைய விடுதிகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் ஹிர்ஷ், அதாவது மான். இன்னொன்று வால்ட்ஹோர்ன், அதாவது வேட்டைக் கொம்பு. ஊர் எதனால் வாழ்ந்தது என்று பெயர்ப் பலகைகளே சொல்லிவிடும். இப்போது பெரும்பாலோர் ட்யூபிங்கனிலும் ஸ்டுட்கார்ட் பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கலாம், பத்து மணிக்கு மேல் சுற்றுலாக்காரர்கள், மாலை ஆறுக்கு மேல் மறுபடி ஊர் ஊர்க்காரர்களுடையது. அடுத்தவர் வீட்டுத் தோட்டத்து வேலிக்குள் எட்டிப் படம் எடுக்க வேண்டாம், அங்கே ஆள் இருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

காடும் தப்பிப் பிழைத்தது, அதுவும் சும்மா இல்லை. 1960-களின் இறுதியில் ஸ்டுட்கார்ட்டுக்கு இரண்டாவது பெரிய விமான நிலையத்தை ஷோன்புக்கில் கட்டும் திட்டம் பேசப்பட்டது. சுற்று வட்டார மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 1972-இல் அந்தக் காடு மாநிலத்தின் முதல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 156 சதுர கிலோமீட்டர். உள்ளே சுமார் 4,000 ஹெக்டேர் வேலியிட்ட பகுதியில் செம்மான்கள் வாழ்கின்றன. காட்டுக்குள் போகும் பாதைகளில் பெரிய மரக் கதவுகள் வரும். திறந்து நுழைந்ததும் மறக்காமல் சாத்திவிடுங்கள்.

எப்போது போவது? நீங்கள் செப்டம்பர் கடைசியிலேயே வந்து சேர்ந்துவிட்டால், வகுப்பு தொடங்கும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். மதியம் மடத்தையும் மாளிகையையும் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு மேல் கோல்டர்ஸ்பாக் ஓடையை ஒட்டிய பாதையில் வடக்கே நடங்கள். தட்டையான பாதை, வழி தவறாது. அது மான்கள் இணை தேடும் காலம். இருட்டத் தொடங்கும்போது ஆண் மான் கத்தும். முதல் தடவை கேட்டால் மானின் குரல் என்று நம்ப முடியாது, மாடு உறுமுவதுபோல் அடித்தொண்டையிலிருந்து வரும். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பேருந்து நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சேவை குறைவு.